பெரியவர்களுக்கும் ஒரு மேசை வேண்டும்

வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆன பிறகு ஒருவர் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் நம்மவர்களிடம் இரண்டு கேள்விகள் தயாராக இருக்கும். சம்பளம் கூடுமா? பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவா? இரண்டும் இல்லை என்றால் கேட்டவருக்கு அடுத்து என்ன பேசுவதென்றே தெரியாது. 'தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு' என்பதை ஒரு காரணமாகவே நாம் ஏற்றுக்கொள்வதில்லை. ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் அழுத்தமாக நம்புகிறேன்.

பினாங்கு கொம்தார் கட்டடத்தில் இருக்கும் டெக் டோம் அறிவியல் மையத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். பிள்ளைகள் எல்லாவற்றையும் தொட்டு, திருகி, அழுத்திப் பார்ப்பார்கள். அப்பா அம்மாக்கள் பையையும் தண்ணீர் போத்தலையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார்கள். ரோபோட்டிக்ஸ் வகுப்பு வாசலிலும் இதே கதைதான். பிள்ளை உள்ளே, அப்பா காரில் கைப்பேசியோடு. அந்த அப்பாக்களில் பலர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நாளெல்லாம் மெஷின் பழுது பார்க்கிறவர்கள். கையில் அவ்வளவு திறமை இருந்தும், வேலை முடிந்த பிறகு தனக்காக ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை.

இதற்குக் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. 1972ல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் தொழிற்சாலையைத் திறந்ததும் அதே ஆண்டு இங்கேதான். தோட்டத்தை விட்டு வெளியேற வழி தேடிக்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தத் தொழிற்சாலைகள்தான் கதவு திறந்தன. என் அம்மா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துப் பெண். எதிர்க்கரையிலிருந்து பினாங்குத் தீவுக்குப் பாலம் 1985ல்தான் வந்தது. அதற்கு முன்னால் விடியற்காலையில் பஸ், அப்புறம் ஃபெரி, மறுபடியும் பஸ். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டுவார். அதிகம் பள்ளிக்கூடம் போகாத பெண்கள் அதைச் சீக்கிரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சிப் எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. கேட்கவும் நேரமில்லை. கற்பது சம்பளத்துக்கு என்று ஒரு தலைமுறை வாழ்ந்ததில் தவறே இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். ஆனால் நெருக்கடி தளர்ந்த வீடுகளிலும் அதே கணக்கை ஏன் சுமக்க வேண்டும்?

என் விஷயத்தைச் சொல்கிறேன். பாயான் பாருவில் எங்கள் வீட்டு ஜன்னலில் இறங்குகிற விமானங்கள் தெரியும். பயணிகள் விமானங்கள் தாங்கள் யார், எங்கே, எவ்வளவு உயரத்தில் என்பதை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விடாமல் சொல்லிக்கொண்டே பறக்கின்றன. இந்த முறைக்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். அதைக் கேட்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காகச் செய்த சின்ன யூஎஸ்பி ரிசீவர் போதும். உள்ளே இருக்கும் சிப் டிவி மட்டுமல்ல, பலவிதமான ரேடியோ அலைகளையும் பிடிக்கும் என்பது 2012 வாக்கில் பொழுதுபோக்குக்காரர்கள் மத்தியில் பரவியது. விமானங்கள் அனுப்பும் அந்தச் செய்திகளைப் பிரித்துக் காட்டும் டம்ப்1090 என்ற இலவச மென்பொருளை எழுதியவர் சால்வத்தோரே சான்ஃபிலிப்போ என்ற இத்தாலியர். தகவல்களைச் சேமித்து வைக்கும் ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை உருவாக்கியவரும் அவர்தான். டேட்டாபேஸுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆசைதான் சம்பந்தம்.

ஆன்டெனாவை நானே செய்தேன். இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 27.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 6.9. அந்த நீளத்தில் ஒரு செம்புக் கம்பி சாக்கெட்டின் நடுவில் நிமிர்ந்து நிற்க வேண்டும், நான்கு மூலையிலும் நான்கு கம்பிகள் கீழே சரிய வேண்டும். ஈயத்தை உருக்கி ஒட்டி, அது ஆறியதும் ஜன்னல் கம்பியில் கட்டி, ரிசீவரோடு இணைத்துவிட்டு, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் வரிகள் ஓடத் தொடங்கும். 8D என்று தொடங்கும் 28 எழுத்து வரிகள். ஒரு வரி காற்றில் வந்து சேர 120 மைக்ரோ செகண்ட்தான் ஆகும். 8Dக்கு அடுத்த ஆறு எழுத்துகள் அந்த விமானத்தின் அடையாள எண். அது 75 என்று தொடங்கினால் பெரும்பாலும் நம் மலேசியப் பதிவு. உயரத்தைக் கண்டுபிடிக்கப் பென்சில் போதும். ஒவ்வொரு எழுத்தையும் நான்கு பூஜ்யம்-ஒன்றுகளாக, அதாவது பிட்களாக, விரித்து, உயரத்துக்கு உரிய பிட்களைப் பிரித்தெடுத்து, கிடைக்கிற எண்ணை 25ஆல் பெருக்கி, 1000ஐக் கழித்தால் அடிக்கணக்கு வந்துவிடும். 1560 கிடைத்தால் 38,000 அடி. எங்கள் வீட்டில் மேற்கே மலை மறைத்துக்கொள்கிறது. கிழக்கே செபராங் பிறை, கெடா சமவெளிப் பக்கம் வெகு தூரம் வரை கேட்கிறது.

'இதெல்லாம் ஆப்பிலயே ஓசியில தெரியுதே அக்கா' என்று வேலையிடத்துத் தம்பி ஒருவர் சொன்னார். உண்மைதான். இப்போது ஏஐயிடம் அந்த வரியைக் கொடுத்தால் அதுவும் பிரித்துச் சொல்லிவிடும். விடை எங்கும் கிடைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பூஜ்யமும் ஒன்றுமாக இருந்த ஒரு வரி என் பென்சில் முனையில் 38,000 அடியாக மாறியபோது வந்த சந்தோஷத்தை எந்த ஆப்பும் தராது. அது வேண்டும் என்றால் நாம்தான் உட்கார வேண்டும்.

நேரம் எங்கே என்பார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவர்களிடம் 'தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்' என்று சொல்வது நியாயமே இல்லை. என் அனுபவத்தில் நேரத்தைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, சாமான்களை எடுத்து வைக்காமல் அப்படியே விட ஒரு இடம். டப்பாவில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டால் அது அங்கேயேதான் இருக்கும். ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போதும், அதை வீட்டில் எல்லோரும் மதிக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று, எழுவதற்கு முன் நோட்டில் 'அடுத்து இது' என்று ஒரே ஒரு வரி. இரவு ஷிப்ட் முடிந்து, விசேஷம் முடிந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து போய், எவ்வளவு நாள் கழித்து வந்தாலும் அந்த வரியிலிருந்து தொடங்கலாம். ஆன்லைன் பாடத்தைப் பாதியில் விட்டால் வருத்தப்படவும் தேவையில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் மூன்றாவது வீடியோவிலேயே கிடைத்துவிட்டால் மீதியை எதற்குப் பார்க்க வேண்டும்? பாடத்தைவிட உங்களுடைய கேள்வி பெரிது.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கடினம். ஆண்கள் தூண்டில் எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போகலாம், யாரும் கணக்குக் கேட்பதில்லை. பெண் ஒருத்தி கேக் செய்தால் 'விற்கலாமே' என்பார்கள். தைத்தால் 'ஆர்டர் எடுக்கலாமே' என்பார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் விற்பனைக்கு வராத ஒரு ஆர்வம் ஒரு பெண்ணுக்கு இருக்கலாம் என்பதை நம் வீடுகள் இன்னும் பழகவில்லை.

கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் எண்பதுகளிலேயே கம்ப்யூட்டரில் தமிழ் எழுதுவதற்கான முரசு மென்பொருளைத் தொடங்கினார். பின்னால் செல்லினம் வந்தது, நம்மில் பலர் கைப்பேசியில் தமிழ் தட்டப் பழகியதே அதில்தான். 'பாருங்கள், ஒருவரின் ஆர்வம் எவ்வளவு பேருக்குப் பயன்பட்டது' என்று சொல்லி என் வாதத்தை இங்கேயே முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. யாருக்கும் பயன்படாமல் போனாலும் அந்த மாலைப் பொழுதுகளுக்கு மதிப்பு உண்டு என்றுதான் சொல்கிறேன்.

போன மாதம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். அந்த யூஎஸ்பி ரிசீவரைத் திறந்து உள்ளே இருந்த சிப்பைக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். 'இதுக்குள்ளயும் தங்கக் கம்பி இருக்குமா?' இருக்கும்மா, இப்போ நிறைய சிப்பில செம்பு வைக்கிறாங்க என்றேன். 'செம்பு கெட்டியாச்சே, எப்படி ஒட்டுது?' என்றார். மறுநாள் சாயங்காலம் வரை அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

பினாங்கில் நமக்கு இப்படி ஒரு இடம் வேண்டும். சனிக்கிழமை பிற்பகலில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம் கிடைத்தால் போதும். நான்கு மேசை, இரண்டு சால்டரிங் அயர்ன், தமிழில் பேசிக்கொண்டே பழகும் பெரியவர்கள். சான்றிதழ் வேண்டாம், போட்டி வேண்டாம். பிள்ளைகள் வந்தால் பின்னால் நின்று பார்க்கட்டும். பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள், ஓய்வு பெற்ற டெக்னீஷியன்கள், இதுவரை எதையும் தொட்டுப் பார்க்காதவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். முதல் நாள் ஆன்டெனா செய்யலாம், ஐந்தாறு பேருக்குச் செம்புக் கம்பி நான் கொண்டு வருகிறேன்.