தீர்ப்பின் தலைப்பில் ஒரு நாட்டியக் கலைஞர்

நவ்தேஜ் சிங் ஜோஹர் என்ற பெயரைப் பலர் ஒரு வழக்கின் தலைப்பாகவே அறிவார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அது. அவரோ பரதநாட்டியக் கலைஞர்; சென்னைக் கலாக்ஷேத்திராவில் பயின்ற சீக்கியர். நடனம், யோகம், ஆய்வு என எதில் இறங்கினாலும் உடலே அவருடைய கருவி. 2016இல் தம் இணையரோடும் வேறு மூவரோடும் நீதிமன்றப் படியேறினார்.

உடலை நம்பி வாழும் ஒருவர் இந்த வழக்கைத் தொடுத்ததைத் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை. அந்த உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தோடு வந்தது. 1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டம். அதன் இரண்டாம் பகுதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 377இன்கீழ்க் குற்றம் செய்திருக்கலாம் என்ற சந்தேகமே வட மாகாணங்களில் ஹிஜ்ராக்கள் எனப்படும் திருநங்கையரின் பெயர் பதிவேட்டில் ஏறப் போதுமானதாக இருந்தது. ஏறியபின் பெண்ணுடையில் தெருவில் நின்றாலும், ஆடினாலும், வாத்தியம் வாசித்தாலும் பிடியாணையின்றிக் கைது, இரண்டு ஆண்டு வரை சிறை. கால் சதங்கைக்குப் பயந்திருக்கிறது ஒரு பேரரசு!

இதற்குப் பிறகும் "நம் பண்பாட்டில் இதெல்லாம் ஏது?" என்கிறார்கள். பதம் என்னும் காதற்பாடலுக்கு அபிநயம் பிடிக்கும் ஆண் கலைஞரைப் பாருங்கள். விரல்கள் இல்லாத கூந்தலைக் கோதி முடிகின்றன, பூச்சூட்டுகின்றன. கண் வாசல்வரை போய் வெறுமையோடு திரும்புகிறது. அவர் அப்போது தலைவனுக்காக ஏங்கும் நாயகி. ஆழ்வார்களும் அந்த நாயகி பாவனையில் உருகியவர்கள்தாம். மேடையில் கைதட்டிய அதே கைகள், அவர் கீழே இறங்கியதும் ஏன் விரலை நீட்டுகின்றன?

அதற்காக, வெள்ளைக்காரன் வருவதற்கு முன் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். காலனிய நீக்கம் என்ற பெயரில் பழம்பெருமை பேசுவது எனக்கு உடன்பாடில்லை. பரதநாட்டியமே தேவதாசிக் குடும்பங்கள் ஆடிவந்த சதிர்தான். 1930களில் அதன் சிருங்காரத்தை, அதாவது காதற்சுவையை, குறைத்து, 'தூய்மை' செய்து, மேல்சாதி வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947இல் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது. அதற்காக அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை நான் வணங்குகிறேன். ஒழிய வேண்டிய கொடுமை அது. ஆனால் கொடுமையோடு சேர்த்துக் கலையும் அந்தக் குடும்பங்களின் கையைவிட்டுப் போனது. உடலின் விடுதலையைப் பேசும் பால்புதுமையர் (குயர்) கலைஞர்கள், தாங்கள் பிடிக்கும் அடவு என்ற ஆட்ட அசைவு யார் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் அதே மேடையில் பேச வேண்டும் என்று கேட்கிறேன். அந்தக் குடும்பங்களின் பேத்திகளையும் திருநங்கைக் கலைஞர்களையும் பக்கத்தில் நிறுத்திப் பேச வேண்டும்.