கதவு திறந்ததும் கேட்கும் கேள்வி

"உள்ளே என்ன சொன்னாய்?"

உளவியலாளரின் அறையிலிருந்து பிள்ளை வெளியே வந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். என் அக்காவும் கேட்டாள். பத்து வயது மகன் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டான். தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

அவனுக்குத் திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றுவலி. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, பூச்சி மருந்து எல்லாம் ஆயிற்று. பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டார். நடிக்கிறான் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். அந்த வலி பொய்யில்லை. நேர்முகத் தேர்வுக்கு முன் நமக்கே வயிறு கலக்குகிறதே!

உளவியலாளர் முதல் நாள் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாயில் அவனோடு உட்கார்ந்து களிமண் உருட்டினார். "இதற்கா பணம் கட்டினோம்?" என்று மாமா முணுமுணுத்தார். குழந்தையை அவசரப்படுத்தக் கூடாது என்பது, விளையாட்டு வழிச் சிகிச்சைக்கு அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-லேயே வகுத்த எட்டு நெறிகளில் ஒன்று. மூன்றாம் வாரம் அவன் களிமண்ணில் ஒரு பஸ் செய்தான். கடைசி இருக்கையில் ஒரே ஒரு பையன்.

அதன்பிறகு பள்ளிப் பயத்தைப் படிப்படியாகத் தாண்ட, இருவரும் சேர்ந்து ஒரு தாளில் ஏணி வரைந்தார்கள். சீருடை போட்டுப் பள்ளி வாசல்வரை நடந்து திரும்புவது அடிப்படி. இரண்டு பாடவேளை உட்காருவது நடுவில். பள்ளிப் பேருந்து உச்சியில். ஒவ்வொரு படியிலும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று அவனே மதிப்பெண் போட வேண்டும். எண் இறங்கும்வரை அதே படியில் நிற்க வேண்டும். வீட்டுப்பாடம் அக்காவுக்கும் இருந்தது: வலி என்று வீட்டில் தங்கினால் திட்டும் கூடாது, டிவியும் கூடாது.

இத்தனையும் நிற்பது ஒரு நம்பிக்கையின் மேல். நீ சொல்வது இந்த அறையைத் தாண்டாது, உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று முதல் நாளே எங்கள் முன்னால் அவனிடம் விளக்கினார். பாலியல் துன்புறுத்தலைத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். மற்றதெல்லாம் பிள்ளையின் சொத்து. வாசலில் வைத்துத் துருவினால் அடுத்த வாரம் உள்ளேயும் வாய் திறக்காது. வளரிளம் பருவத்தினர் என்றால் சொல்லவே வேண்டாம்.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் உண்டு. நாற்பது பேர் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். பணம் தடையென்றால் அரசின் டெலி-மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் கடலை கொறித்தபடி அவனாகவே சொன்னான்: "அம்மா, எட்டிலிருந்து நாலுக்கு வந்துவிட்டது." "அப்படியா கண்ணு" என்று மட்டும் சொல்லி, கடலைப் பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினாள்.