முதலில் விழுப்புரம்–தஞ்சாவூர் இரட்டைப் பாதை

பணம் குறைவு என்பதால் புதிய ரயில் வழித்தடங்களை முதலில் தொடங்க வேண்டும், இருக்கிற பாதைகளை இரட்டையாக்குவது பிறகு என்கிறது தமிழ்நாட்டு ரயில் திட்டங்கள் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2006-07இல் அறிவித்த திண்டிவனம்–திருவண்ணாமலை பாதையில் இன்னும் ரயில் ஓடவில்லை. சில ஆண்டு பட்ஜெட்டுகளில் இதுபோன்ற திட்டங்களுக்கு வெறும் 1,000 ரூபாய் ஒதுக்கினார்கள். திட்டம் பட்டியலில் உயிரோடு இருக்கும், ஆனால் தரையில் ஒரு கல்லும் நகராது.

புதிய பாதைகளுக்கான காசை விழுப்புரம்–மயிலாடுதுறை–தஞ்சாவூர் பாதையில் போடுங்கள். சுமார் 190 கிலோமீட்டர். மின்மயமாக்கியாச்சு, ஆனால் இன்னும் ஒற்றைப் பாதைதான். எங்கள் ஊர் இந்தப் பக்கம்தான். போன மாசம் சீர்காழி தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் கிராசிங்குக்காக வண்டி நின்றது. எதிர் வண்டி வரும்வரை அரை மணி நேரம். பக்கத்து சீட்டில் டயாலிசிஸ் முடித்துத் திரும்பும் பெரியவர், கையில் போட்டிருந்த பேண்டேஜை அழுத்திப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார்.

கொள்ளிடம் போன்ற பெரிய பாலங்களுக்குச் செலவாகும், சரி. ஆனால் கூட்டம் ஏற்கெனவே இருக்கிற பாதை இது. மதுரை–நாகர்கோவில் இரட்டைப் பாதை முடிந்ததே. அப்புறம் டெல்டாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? ஒரே நேரத்தில் பத்துத் திட்டத்துக்குச் சில்லறை கொடுக்காமல், இதற்கு மூன்று வருஷம் முழுப் பணம் கொடுங்கள்.