எர்ரர் கோடு சொல்வது நோயை, மாற்ற வேண்டிய பாகத்தை அல்ல

பி 0171. கோளாறு கண்டால் காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் எர்ரர் கோடு (code) இது. இந்த ஒரே கோடுக்காக மூன்று மாதம் அலைந்திருக்கிறேன், பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது, கடைசியில் கோளாறு எதில் என்றால் 380 ரூபாய் ரப்பர் ஹோஸில்.

வண்டி 2013 மாடல் பெட்ரோல் செடான். செக் என்ஜின் லைட் எரிந்தது, ஐடிலில், அதாவது வண்டி நின்று என்ஜின் சும்மா ஓடும்போது, லேசாக உதறல். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினார்கள், கோடைப் படித்தார்கள், பானெட்டைக்கூடத் திறக்கவில்லை, "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். 6,800 ரூபாய். நாலு நாளில் லைட் திரும்ப வந்தது. அடுத்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கிளீனிங், 2,500. ஒரு வாரம். அப்புறம் என்ஜினுக்குக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடி சர்வீஸ். மறுபடியும் லைட். நாலாவது முறை போனபோது "பழைய வண்டி சார், ஈசிஎம்மா இருக்கும்" என்று என்ஜின் கம்ப்யூட்டர் மேலேயே பழி போட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே கொதித்துவிட்டது.

பி 0171 என்றால் என்ன? என்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் அந்தக் கணக்கு நேராகவில்லை என்றால் இந்தக் கோடு விழும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். காற்று எங்கேயாவது கசிந்து உள்ளே போகலாம், உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். கலவை சரியில்லை என்று ஒழுங்காகத் தகவல் கொடுத்ததே அந்த ஆக்சிஜன் சென்சார்தான், அதைப் போய்க் கழற்றி எறிந்திருக்கிறார்கள்!

இதைவிடக் கோபம் வருவது எதற்குத் தெரியுமா? ஒவ்வொரு முறையும் முதல் வேலையாகக் கோடை அழித்தார்கள். கோடு விழுந்த அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, ஃபியூயல் ட்ரிம் (பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியது, குறைத்தது என்ற எண்) எவ்வளவு என்று கம்ப்யூட்டர் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று எடுத்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். கையில் இருந்த ஒரே தடயத்தைத் தாங்களே துடைத்துவிட்டு அப்புறம் ஊகத்தில் பாகம் மாற்றுகிறார்கள், காசு மட்டும் என்னுடையது.

கடைசியில் 900 ரூபாய்க்கு வண்டியில் செருகும் ஒரு ப்ளூடூத் அடாப்டர் வாங்கி, போனில் ஆப் போட்டு, லைவ் டேட்டாவை நானே பார்த்தேன். லாங் டெர்ம் ட்ரிம், அதாவது நாள்பட்ட சராசரித் திருத்தம், ஐடிலில் +24 சதவீதம், அப்படியே 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +6. பம்ப் தளர்ந்திருந்தால் இது தலைகீழாக இருக்கும், வேகம் கூடக் கூட எண்ணும் ஏறும். ஐடிலில்தான் மோசம் என்றால் முதலில் தேட வேண்டியது காற்றுக் கசிவு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆனது பத்து நிமிடம், நான் மெக்கானிக்கே இல்லை. அவர்கள் ஸ்கேனரில் இதே எண்கள் ஒவ்வொரு முறையும் இருந்திருக்கும், ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

என்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்குப் போகும் பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை எடுத்துப் போகும் ரப்பர் குழாய்), வளைவில், அடிப்பக்கம், சூட்டில் இறுகி வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரலை விட்டுத் தடவியபோதுதான் எண்ணெய்ப் பிசுக்கோடு பிளவு தட்டுப்பட்டது. மேனிஃபோல்டு பக்கம் இடுக்கியால் அழுத்திப் பிடித்ததும் உதறல் அடங்கியது, போனில் ஷார்ட் டெர்ம் ட்ரிம், அதாவது அந்த நொடித் திருத்தம், மளமளவென்று இறங்கியது. பத்து வருஷம் தாண்டிய வண்டியில் ரப்பர் இறுகும் என்பது யாருக்குத் தெரியாது?

கோளாறு கண்டுபிடிக்க 1,000 ரூபாய் தனியாகக் கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுக்கிறேன். அரை மணி நேரம் செலவழித்துத் தேடித் தருபவருக்கு அது நியாயமான கூலி. தேடாமலே பாகத்தை விற்காதீர்கள்.

ஹோஸ் மாற்றிய பிறகு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் என்னுடைய பழைய ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டேன். அன்றைக்கே தூக்கிப் போட்டாச்சு என்றார்கள். அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.