'லத்தீனெக்ஸ்' எங்கே இடறியது?

அமெரிக்கத் தேர்தல் நெருங்கினால் போதும், 'லத்தீனெக்ஸ்' சண்டை நம் டைம்லைன் வரைக்கும் வந்துவிடும். லத்தீன் அமெரிக்க வேர் உள்ளவர்களை ஆண், பெண் பேதமில்லாமல் குறிக்க வந்த சொல் அது. வெள்ளைக்கார லிபரல்கள் திணித்த சொல் என்பார்கள் சிலர். பிடிக்காதவன் எல்லாம் பிற்போக்குவாதி என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே அரைகுறைப் பேச்சு.

ஸ்பானிஷில் ஆண் லத்தீனோ, பெண் லத்தீனா. நூறு பெண்களுக்கு நடுவே ஓர் ஆண் நின்றாலும் இலக்கணப்படி அந்தக் கூட்டம் 'லத்தீனோஸ்'. இது உறுத்தியவர்கள் 1990களில் கடைசி எழுத்துக்குப் பதிலாக மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறியைப் போட்டார்கள். ஓ, ஆ இரண்டும் அந்த ஒரே குறிக்குள் தெரியுமாம். ஆணும் பெண்ணும் அடங்கினார்கள், இரண்டிலும் சேராதவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களுக்காகத்தான் 2000களில் இணையத்தில் அந்தக் கடைசி இடத்துக்கு 'எக்ஸ்' (x) எழுத்து நுழைந்தது. கொண்டுவந்தவர்கள் லத்தீனோ சமூகத்தின் பால்புதுமையினரே, அதாவது எல்ஜிபிடி மக்களே. 2016 ஜூனில் ஆர்லாண்டோவில் பால்புதுமையினர் கூடும் பல்ஸ் இரவு விடுதியில், லத்தீன் இரவு நிகழ்ச்சியின்போது 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு இந்தச் சொல்லைத் தேடுவோர் கூடினார்கள். 2018-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் ஏறியது.

நோக்கத்தில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. கோளாறு சொல்லைக் கட்டிய விதத்தில். ஸ்பானிஷில் பால் பெயர்ச்சொல்லோடு நிற்காது, அதற்கு முன்னால் வரும் சுட்டுச் சொல்லும் (ஆங்கில 'தி' போன்றது) பெயரடையும் கூடவே மாறும். 'களைத்த பிள்ளைகள்' என்பது 'லோஸ் நீன்யோஸ் கன்சாதோஸ்'. மூன்று சொல்லிலும் எக்ஸ் போட்டுப் பாருங்கள், முதல் சொல்லில் உயிரெழுத்தே மிஞ்சாது. வாய்விட்டுப் படிக்க வழியில்லை, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பு மென்பொருளும் திக்கும். ஆங்கில வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் வேலை முடிந்தது. அதனால்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஓடிய வண்டி வீட்டுக் கூடத்தில் ஓடவில்லை.

அர்ஜென்டினா இளைஞர்கள் பிடித்த 'ஏ' விகுதி இதைவிடக் கெட்டிக்காரத்தனம். மாணவரைக் குறிக்கும் 'எஸ்தூதியாந்தே' போல இருபாலுக்கும் பொதுவான சொற்கள் அந்த மொழியில் முன்பே உண்டு. அதே அச்சில் லத்தீனே, 'எல்லோரும்' என்பதற்கு தோதேஸ், நண்பருக்கு அமிகே. எழுதும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். 'அமிகோ'வில் கடைசி எழுத்தை மட்டும் மாற்றினால் அது 'அமிஹே' ஆகிவிடும். 'க' ஒலி நிற்க நடுவில் ஒரு 'யூ' எழுத்து வேண்டும். மொழிக்கு விதி சொல்லும் ஸ்பானிஷ் அகாதெமி எக்ஸ், ஏ இரண்டையுமே ஏற்கவில்லை. பேச்சு அதன் அனுமதிக்குக் காத்திருப்பதும் இல்லை.

அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு நடத்தும் பியூ ஆய்வு மையத்தின் கணக்கைப் பாருங்கள். 2019-ல் அமெரிக்க லத்தீனோக்களில் 23% பேர் லத்தீனெக்ஸைக் கேள்விப்பட்டிருந்தார்கள், பயன்படுத்தியவர்கள் 3%. 2024-ல் கேள்விப்பட்டவர்கள் 47%, பயன்படுத்துவோர் 4%தான். பரிச்சயம் இரு மடங்கு, பழக்கம் நின்ற இடத்தில். ஆனாலும் 2019 ஆய்விலேயே 18-29 வயதுப் பெண்களில் 14% பேர் அதைத் தமக்குச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களை யாரும் திணித்துச் சொல்லவைக்கவில்லையே?

லுலாக் என்ற பழைய லத்தீனோ அமைப்பு 2021 கடைசியில் இந்தச் சொல்லைக் கைவிட்டது. அது அவர்கள் உரிமை. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில ஆளுநர் சாரா ஹக்கபீ சாண்டர்ஸ் பதவியேற்ற கையோடு அரசு ஆவணங்களில் இதற்குத் தடை போட்டார். நூற்றுக்கு நாலு பேர் சொல்லும் சொல்லுக்கு ஓர் ஆளுநர் உத்தரவு!

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் பாதித் தலைவலி கிடையாது. நமக்கு 'தமிழர்' என்று அர் விகுதி இருக்கிறது. 'லத்தீனோ' என்று எழுதினாலும் அந்த ஓ தமிழ்க் காதுக்கு ஆணைக் காட்டாது. ஆகவே பொதுவாக 'லத்தீனோ மக்கள்' போதும். ஒருவர் தம்மை லத்தீனெக்ஸ் என்றோ லத்தீனே என்றோ சொன்னால் அவருக்கு அப்படியே எழுதுங்கள். 'ஹிஸ்பானிக்' என்பதை மட்டும் மாற்றாகப் போட்டுவிடாதீர்கள். அது ஸ்பானிஷ் மொழியை வைத்து வரும் பெயர். அதில் ஸ்பெயின்காரர் உள்ளே, போர்ச்சுகீஸ் பேசும் பிரேசில்காரர் வெளியே.

பிலிப்பினோ, பிலிப்பினாவுக்குப் பதிலாக வந்த 'பிலிப்பினெக்ஸ்' வேறு கதை. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் 'சியா' ஒன்றுதான், ஓ-ஆ பேதம் ஸ்பெயின் ஆட்சி விட்டுப்போனது. 2020-ல் ஓர் ஆங்கில இணைய அகராதி அந்தச் சொல்லைச் சேர்த்தபோது, எங்களிடம் இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து என்று பிலிப்பைன்ஸில் பலர் கொதித்தார்கள். அமெரிக்காவில் பிறந்து ஆங்கிலத்திலேயே வாழும் பிள்ளைகளுக்கு அந்த நோய் நிஜம் என்பதை அந்தக் கோபம் கணக்கில் எடுக்கவில்லை.