நாற்பது நொடி வீடியோவில் நோய் தெரியாது

எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணம் பக்கம் கல்யாண மண்டப வாசலில் அந்தப் பெண் தலைவிரிகோலமாக அழுதது ரெண்டு நாளாக எல்லார் போனிலும் ஓடுகிறது. அவள் அழுகையைவிட, கீழே கமெண்ட்டில் விழுந்த தீர்ப்புதான் தாங்க முடியவில்லை: "ஹிஸ்ட்ரியானிக் பர்சனாலிட்டி, பக்கா கேஸ்." அதாவது, எல்லார் கவனமும் தன்மேல் இருக்கணும் என்று உணர்ச்சியை மிகையாகக் காட்டுகிற ஆளுமைக் கோளாறாம். எழுதியவர் படித்தவர்.

நாற்பது நொடியில் ஆளுமைக் கோளாறு தெரியாது. தெரியவே தெரியாது.

மனநல மருத்துவர்கள் நோயை அடையாளம் காணப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்-5 இதற்கு 8 அறிகுறிகள் சொல்கிறது. குறைந்தது 5 இருக்கணும். அதுவும் இளவயதில் தொடங்கி வீடு, வேலை, நட்பு என்று எங்கேயும் வருஷக்கணக்கில் தொடரணும். தன்னைக் கவனிக்காத இடத்தில் இருப்புக்கொள்ளாது. உணர்ச்சி சட்டுசட்டென்று மாறும், ஆழம் இருக்காது. "மாமியார் எப்படிம்மா?" என்றால் "ராட்சசி சார்!" என்று வரும், "என்ன செஞ்சாங்க?" என்றால் ஒரு சம்பவம்கூட வராது. ரெண்டாம் தடவை பார்க்கிற டாக்டர் அதற்குள் "கூடப்பிறந்த அண்ணன் மாதிரி" ஆகிவிடுவார். இதெல்லாம் பலமுறை உட்கார்ந்து பேசி, வீட்டாரையும் விசாரித்தால்தான் பிடிபடும்.

அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறியிருக்கணும் என்பதும் அதே நூலில் உண்டு. எழவு வீட்டில் மாரடித்து அழாதவளைக் கல்நெஞ்சக்காரி என்கிற ஊர் நம்முடையது. இங்கே வாய்விட்டு அழுவது நோயா?

பந்தியில் சாம்பார் சரியில்லை என்று இலையைத் தூக்கி எறிகிற ஆம்பளை "கோபக்காரர்". வாசலில் அழுதவள் மட்டும் கேஸ். இந்தக் கோளாறு ஆணுக்கும் வரும். 'ஹிஸ்டீரியா' என்ற பழைய பெயரே கருப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பழி இன்னும் பெண் தலையில்தான் விடிகிறது. உலக சுகாதார நிறுவனமே 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11 என்ற நோய்ப் பட்டியலில் 'ஹிஸ்ட்ரியானிக்' என்ற தனிப்பெயரை எடுத்துவிட்டு, கோளாறு எவ்வளவு தீவிரம் என்றுதான் முதலில் பார்க்கச் சொல்கிறது.

'நார்சிசிஸ்ட்', 'பார்டர்லைன்' என்று வேறு ஆளுமைக் கோளாறுகளின் பெயர்களையும் சிலர் எழுதியிருந்தார்கள். மூன்றும் ஒன்றல்ல. நார்சிசிஸ்ட்டுக்குப் புகழ் வேண்டும். ஹிஸ்ட்ரியானிக்குக்குப் பரிதாபம் கிடைத்தாலும் போதும். பார்டர்லைனில் கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம், உள்ளே வெறுமை, தன்னையே காயப்படுத்திக்கொள்வது.

"விழிப்புணர்வுக்குத்தானே போட்டோம்?" என்கிறார்கள் வீடியோவைப் போட்டவர்கள். முகத்தை மறைக்காமல் போட்டது விழிப்புணர்வு இல்லை.

"வீட்டில் வச்சுப் படுறவங்களுக்குத்தான் தெரியும்" என்றார் ஒருவர். உண்மைதான், அந்தப் பாடு பெரும்பாடு. உங்கள் வீட்டில் இந்தக் கோளாறு உள்ள ஒருத்தி இருந்தால், அவள் கத்தும்போது மட்டும் ஓடிவந்து, அமைதியாக இருக்கும்போது கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். சும்மா இருக்கிற நேரத்தில் தினம் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். முடியாததை ஒரே குரலில், ஒரே வார்த்தையில் முடியாது என்று சொல்லுங்கள். இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் மருந்து. சிகிச்சை என்பது மாதக்கணக்கில் பேசுவது. பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால் "செத்துடுவேன்னு மிரட்டுவா, செய்ய மாட்டா" என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. மிரட்டல் என்று விட்ட வீடுகளில் சாவு விழுந்திருக்கிறது. நம் ஊர் வீடுகளில் குறுவைப் பயிருக்கு வாங்கின பூச்சிமருந்து மிச்சம் திண்ணை மாடத்தில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. அவள் நடிக்கிறாளா என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம். இன்றைக்கே அதை வீட்டைவிட்டு எடுத்துப்போய் வேறிடத்தில் பூட்டுங்கள். அவளைத் தனியாக விடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.