ஆறுதல் பரிசு அன்று, ஐயா

சனிக்கிழமை பாராட்டு விழாவில் நடந்ததை நான் மீண்டும் விவரிக்கப் போவதில்லை. காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், சிலர் சிரிப்புக் குறியும் இட்டிருந்தீர்கள். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த அந்தப் பிள்ளை, வெளிநாட்டில் சுகாதார விஞ்ஞானத்தில் ஆய்வு முதுமாணி செய்ய விருப்பம் என்று சொல்லி முடிப்பதற்குள், சிறப்பு விருந்தினர் ஒலிவாங்கியை வாங்கி, “அது மருத்துவ பீடம் கிடைக்காதவர்கள் எடுக்கிற ஆறுதல் பரிசு, பிள்ளை” என்றார். மண்டபம் கைதட்டியது. அந்த ஆறுதல் பரிசை வாங்கியவள் மூன்றாம் வரிசையில் அம்மாவோடு இருந்தேன்.

ஐயா, அது ஆறுதல் பரிசு அன்று. மட்டக்களப்பில் தாதியியல் படித்துவிட்டு ரொட்டர்டாமுக்குப் போனவள் நான். நெதர்லாந்தில் ஆய்வு முதுமாணி, அதாவது ஆராய்ச்சி செய்யப் பழக்குகிற முதுநிலைப் பட்டம், இரண்டு வருடம், 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 28 மணித்தியாலம் வேலை என்று கணக்கு. பெருக்கினால் 3360 மணித்தியாலம் வரும். பெருக்கல் தெரிவதற்கு மருத்துவ பீடம் தேவையில்லை.

அந்த மணித்தியாலங்களில் ஒரு பகுதி எப்படிப் போனது என்று சொல்கிறேன். குருதி அழுத்தத் தரவு ஒன்றைத் துப்புரவாக்கும் வேலை எனக்குத் தரப்பட்டிருந்தது. ஒருவருக்கு 12 என்றும் இன்னொருவருக்கு 1200 என்றும் பதிவாகியிருந்ததால், இரண்டும் 120 ஆகத்தான் இருக்கும் என்று திருத்தி, கெட்டிக்காரி என்ற நினைப்போடு மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “எப்படித் தெரியும்?” என்னிடம் பதில் இருக்கவில்லை. திருத்திய ஒவ்வொன்றையும் பழையபடி மாற்றி, மூலப் படிவங்களைத் தேடி, கிடைக்காதவற்றை வெற்றிடமாக விட்டு முடிக்க மூன்று வாரம் சென்றது. ஜன்னலுக்கு வெளியே பிற்பகல் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். உப்புவெளிக் கடற்கரையை நினைத்து அழுததும் உண்டு.

நான் மருத்துவர்களைக் குறை சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். இன்று எங்கள் மருத்துவர் கையில் பட்டியைச் சுற்றிக் குருதி அழுத்தம் பார்த்து, மாரடைப்பு வரலாம் என்று எச்சரிக்கிறாரே, அந்த அறிவின் பெரும்பகுதி, 1948இல் அமெரிக்காவின் பிரேமிங்காம் என்ற ஊரில் 5209 பேரைப் பதிவு செய்து பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வு போன்றவற்றிலிருந்து வந்தது. அதே போல, 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் தெரியாத சிறுநீரக நோய், எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் பதவிசிறிபுர விவசாயிகளையும் விட்டுவைக்கவில்லை. நீரிலுள்ள புளோரைட்டா, பீடைகொல்லியா, வெயிலில் நீர் குடிக்காமல் உழைப்பதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. அந்த நோயாளிகளின் குருதிச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) மருத்துவர் வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்க யார் வேண்டும், ஐயா? ஆறுதல் பரிசு வாங்கியவர்களா?

“போகிறவர்கள் திரும்பி வருவதில்லையே” என்பீர்கள். அதில் உண்மை உண்டு. என்னோடு போனவர்களில் திரும்பியவள் நான் மட்டுந்தான். ஆனால் திரும்பி வந்தவளுக்கு நீங்கள் கொடுத்த வரவேற்பு எது? “அங்கே வேலை கிடைக்கவில்லையோ” என்ற கேள்வி. கல்யாண வீட்டிலும் அதே கேள்வி, செத்த வீட்டிலும் அதே கேள்வி. போனால் துரோகம், வந்தால் தோல்வி. “விசாவுக்காகப் போகிறார்கள்” என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. விசாவுக்கு இதைவிடச் சுலபமான வழிகளை அவர்களே அறிவார்கள்.

அந்தப் பிள்ளை மேடையிலிருந்து இறங்கும்போது சான்றிதழை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்தாள். அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதுதான் மூன்று நாளாக என்னை நித்திரை கொள்ள விடாமல் செய்கிறது. எழும்பி நின்று, “ஐயா, எப்படித் தெரியும்?” என்று கேட்டிருக்கலாம். இரண்டு வருடமாக அந்த ஒரு கேள்வியைத்தானே படித்தேன்.

உவர்மலைக்குத் திரும்பும்போது ஓட்டோவில் அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்தார். வீட்டடியில் இறங்கிக் காசு கொடுத்த பிறகு, “அந்த மனிசன் சொன்னது உன்ர படிப்பையோ பிள்ளை?” என்று கேட்டார். இல்லையம்மா, அது வேறு படிப்பு என்றேன்.